தண்ணீருக்கு என் கையை இழுக்கிறான், விரல் நீட்டிக் காட்டுவதில்லை

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 2 வயதும் 4 மாதமும். இன்னும் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான். விரல் நீட்டி எதையும் காட்ட மாட்டான். ஒரு வயதில் டாட்டா காட்டினவன், இப்ப அதுவும் இல்லை. ஓட்டிசமாக இருக்கலாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். சைகை தானாக வருமா? நாங்கள் சைகை பழக்கினால் பிறகு கதைக்காமலே விட்டுவிடுவானா?"

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயம் மனதில் இருக்கும்வரை நான் மற்ற எதைச் சொன்னாலும் உள்ளே இறங்காது.

சைகை பழக்குவதால் பேச்சு நின்றுபோவதில்லை. "கை காட்டியே காரியம் முடிந்தால் பிள்ளை ஏன் வாயைத் திறக்கப் போகுது" என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 14 வருடமாகப் பேச்சு மொழி சிகிச்சை செய்கிறேன், இதைக் கேட்காத மாதம் இல்லை. சைகையும் படமும் போன்ற உதவி முறைகளைப் பழக்கிய பிறகு பேச்சுக்கு என்ன நடந்தது என்று பார்த்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006ஆம் ஆண்டு ஒரு மதிப்பீடு வெளியானது. வளர்ச்சிக் குறைபாடுள்ள 27 பேரைப் பற்றிய நம்பத்தகுந்த தரவு அதில் இருந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதமானோருக்குக் கூடியிருந்தது. கூடிய அளவு பெரியது என்று சொல்ல மாட்டேன், பலருக்குக் கொஞ்சம்தான். ஆனால் குறையவில்லை.

ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் கைதான் முன்னால் போகிறது. அமெரிக்காவில் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 10 பிள்ளைகளை 10 மாத வயதிலிருந்து 24 மாதம் வரை தொடர்ந்து பார்த்து 2005இல் எழுதினார்கள். பிள்ளை ஒரு பொருளை முதலில் கையால் காட்டுகிறது, சில மாதம் கழித்து அதன் பெயர் வாயில் வருகிறது. "அப்பா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் காட்டும் பிள்ளைதான் பிறகு "அப்பா செருப்பு" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறது. ஆகவே உங்கள் மகனுக்குச் சைகை வந்தால் அது பேச்சுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அது பேச்சுக்கு இடம் தயார் செய்கிறது.

சரி, இப்போது அந்தக் குடம்.

கையை இழுத்துக்கொண்டு போய்க் குடத்தில் வைக்கிறான் என்று ஒரு குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தன்னால் எடுக்க முடியாது என்றும் தெரியும். இன்னொருவரால் முடியும் என்பதும் தெரியும். 2 வயது 4 மாதத்தில் சொல் இல்லாத ஒரு பிள்ளையிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. இல்லாதது வேறொன்று. அவன் உங்கள் கையைத்தான் கூட்டிப் போகிறான், உங்களை அல்ல. சோற்றுக்கு அகப்பையை எடுப்பது போலத் தண்ணீருக்கு அம்மாவின் கை. இழுக்கும்போது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளிடம் இது மிகவும் பரிச்சயமான ஒன்று. பலருக்கு அதுதான் முதல் சைகை. ஏணியின் அடிப்படி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏணி எப்படி இருக்கும் என்று தெரிய, மற்றப் பிள்ளைகள் ஏறும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் புலவர்கள் இதைப் பிள்ளைத்தமிழிலேயே பருவம் பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். 9ஆம் மாதம் அளவில் சப்பாணி, அதாவது கைகொட்டல். பிறகு முத்தம். பிறகு வா என்று அழைத்தால் வருவது. ஒன்றரை வயதுக்குள் அம்புலி. நிலாவைக் காட்டி, அதையும் விளையாட வா என்று கூப்பிடும் பருவம். இன்றைய ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதே காலத்தைத்தான் சொல்கின்றன. 9 மாதத்தைச் சுற்றிக் கையை நீட்டுவது, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்துவது, கையில் உள்ளதைக் கொடுப்பது. அதன் பிறகு ஒரு சாமானைத் தூக்கிப் பிடித்து "பார்" என்று காட்டுவது. 12 மாதத்தைச் சுற்றிச் சுட்டுவிரல். டாட்டா, கும்பிடுவது, வேண்டாம் என்று தலையாட்டுவது எல்லாம் இதே காலத்தில் முன்பின்னாக வரும்.

இதில் ஒரு வேறுபாட்டை மட்டும் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1975இல் எலிசபெத் பேட்ஸும் இரண்டு இத்தாலிய ஆய்வாளர்களும் எழுதியது அது. ஒரே விரல் இரண்டு வேலை செய்கிறது. பிஸ்கட் டின்னைக் காட்டினால் "எனக்கு அதைத் தா". வாவியில் போகும் தோணியைக் காட்டி, உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி தோணியைப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் தேவையில்லை. "நான் பார்ப்பதை நீயும் பார்" என்பதுதான் அதன் பொருள். முதலாவது கேட்பது. இரண்டாவது பகிர்வது. ஓட்டிசத்தில் கேட்கும் சைகைகள் பிந்தியாவது வந்துகொண்டிருக்கும். பகிரும் சைகைகளில்தான் பெரிய இடைவெளி விழுகிறது. அதனால் "காட்டுகிறானா?" என்று யாராவது உங்களிடம் கேட்டால், எதற்காகக் காட்டுகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு. 1994இல் ஜூலி ஆஸ்டர்லிங்கும் ஜெரால்டின் டாசனும் பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள் வீடியோக்களைச் சேகரித்தார்கள். பிற்காலத்தில் ஓட்டிசம் என்று உறுதியான 11 பிள்ளைகள், மற்ற 11 பிள்ளைகள். கேக்கும் மெழுகுதிரியும் உள்ள அந்த வீடியோக்களிலேயே நான்கு விஷயங்கள் இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டின: விரல் நீட்டுவது, சாமானைக் காட்டுவது, மற்றவர் முகத்தைப் பார்ப்பது, பெயர் சொன்னால் திரும்புவது. நான்கில் இரண்டு சைகை என்பதைக் கவனியுங்கள். சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

வெறுமனே பேச்சுப் பிந்தும் பிள்ளையையும் ஓட்டிசம் உள்ள பிள்ளையையும் முதல் பார்வையில் நான் பிரிப்பது இதை வைத்துத்தான். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், மாமாவும் 4 வயதில்தான் கதைத்தவர்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த மாமா சின்ன வயதில் எப்படித் தண்ணீர் கேட்டார் என்று நான் கேட்பேன். பேச்சு மட்டும் பிந்தும் பிள்ளை கையாலும் முகத்தாலும் ஒரு நாடகமே போடும். குடத்தைக் காட்டி, வாயில் பெருவிரலை வைத்து, அம்மா முகத்தைப் பார்த்து "ம்ம்" என்று இழுக்கும். சொல் இல்லாத குறையைக் கை நிரப்பிவிடும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சொல்லும் கையும் சேர்ந்தே பிந்தும். இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் வருவார்கள். ஃபோனில் பார்த்து ஆங்கில எழுத்து 26, நிறம், வாகனம் எல்லாம் ஒப்புவிப்பார்கள். தண்ணீர் கேட்கத் தெரியாது, எதையும் காட்டத் தெரியாது. அந்த வீடுகளில் பிள்ளை கெட்டிக்காரன் என்ற சந்தோஷத்திலேயே ஒரு வருடம் கடந்துவிடும். சொற்களை எண்ணி ஆறுதல் அடைய வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி வழி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஒழுங்கில் வராது, ஒரு படியில் ஒரு வருடம் நிற்கும் பிள்ளையும் உண்டு, இரண்டு படியைத் தாண்டும் பிள்ளையும் உண்டு. ஆனாலும் நான் அதிகம் காண்பது இப்படித்தான். முதலில் உடம்பு முழுவதும் பேசும்: இழுப்பது, தள்ளிவிடுவது, முகத்தைத் திருப்புவது, அழுவது. அடுத்து கொடுப்பது. மூடி திறக்காத போத்தலை உங்கள் மடியில் போட்டுவிட்டுப் போவான். பிறகு வேண்டியதை நோக்கி விரித்த கை நீளும். பிறகு விரல், ஆனால் தொட்டால்தான். படத்தில் உள்ள மாட்டைத் தொடுவான், மேசையில் உள்ள பணிஸைத் தொடுவான். தூரத்தில் உள்ளதை நோக்கி விரல் நீளுவது அதற்கும் பிறகு. அந்த விரல் வந்த பிறகும் கண் உங்களிடம் திரும்ப நாளெடுக்கும். விரல், கண், சத்தம் மூன்றும் ஒரே நொடியில் சேர்வது கடைசி.

டாட்டா, கும்பிடுதல், ஸலாம் சொல்லிக் கை கொடுத்தல் போன்றவை இந்த ஏணியின் பக்கவாட்டில் நிற்பவை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே பாட்டோடு செய்தால் அவை வந்துவிடும். அதனால் அவற்றைக் கண்டு ஏமாறவும் கூடாது, அலட்சியம் செய்யவும் கூடாது. சில பிள்ளைகள் டாட்டா காட்டும்போது உள்ளங்கை தங்கள் பக்கமே திரும்பியிருக்கும். நாம் கையாட்டும்போது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது நம் உள்ளங்கை. தான் கண்டதை அப்படியே செய்கிறது பிள்ளை. எதிரில் நிற்பவருக்கு எது தெரியும் என்று புரிய வரும்போது கை தானாகத் திரும்பும். அதைப் பிடித்துத் திருப்பிவிட்டுச் சரிபார்க்க வேண்டாம்.

தலையாட்டலைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டுக் கேள்விப்பட்டியல்களில் ஆம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். நாம் ஓம் என்பதற்கே தலையைப் பக்கவாட்டில் சாய்ப்போம். வேண்டாம் என்பதற்கும் பக்கவாட்டில்தான் ஆட்டுவோம். நமக்கு வேறுபாடு தெரியும். முகத்தைப் பார்க்கக் கூச்சப்படும் ஒரு பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நீங்கள் ஓம் என்று காட்டும்போது கொஞ்ச நாளைக்கு மேலும் கீழும் வடிவாக, மெதுவாக ஆட்டுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்டினால் போதும்.

இதெல்லாம் தானாக வருமா என்று கேட்டீர்கள். கேட்கும் சைகைகளில் சில தானாகவும் வரலாம். பகிரும் சைகைகளைத் தானாக வரும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் பழக்கினால் வருகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கொனி கசாரியின் குழு 3, 4 வயதுள்ள ஓட்டிசப் பிள்ளைகள் 58 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்குச் சேர்ந்து கவனிப்பதும் காட்டுவதும், இன்னொன்றுக்குப் பாவனை விளையாட்டு, மூன்றாவதுக்கு வழமையான பயிற்சி மட்டும். ஒரு நாளைக்கு 30 நிமிடம், 5 முதல் 6 வாரம். அவ்வளவுதான். 2006இல் வெளியான முடிவில் முதல் இரண்டு கூட்டமும் முன்னேறியிருந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் மொழியும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. நீங்கள் மூன்று பஸ் மாறி எங்கேயும் போகாமல் வீட்டில் கொடுக்கக்கூடியது அந்த 30 நிமிடம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் என்ன செய்வது? முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மகள் தாய் வளவிலேயே இருப்பாள். பிள்ளையைச் சுற்றி அம்மம்மா, சித்தி, பெரியம்மா என்று நான்கு சோடிக் கை எப்போதும் இருக்கும். பிள்ளை குடத்தைத் திரும்பிப் பார்க்க முதல் தண்ணீர் வந்துவிடும். அன்பில் செய்வது. ஆனால் கேட்கத் தேவையே இல்லாத பிள்ளைக்குக் கேட்கப் பழக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் உள்ள எல்லோரையும் இருத்தி ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: கொடுக்க முதல் மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும்.

குடத்தடியில் இப்படிச் செய்து பாருங்கள். அவன் கையை இழுக்கும்போது போங்கள், மறுக்க வேண்டாம். குடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடுங்கள். அவன் உயரத்துக்குக் குந்தி இருங்கள், முகம் அவனுக்கு நேரே வரட்டும். உங்கள் விரலால் குடத்தைத் தொட்டு "தண்ணி" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள். 10 எண்ணுங்கள். அவன் கை குடத்தின் பக்கம் கொஞ்சம் நீண்டாலும் அது போதும், உடனே கொடுங்கள். அந்த உடனேதான் முக்கியம். அழவைத்து, "சொல்லு, சொன்னால்தான் தருவேன்" என்று நிற்கவே கூடாது. தண்ணீரையும் சோற்றையும் பரீட்சையாக்கினால் பிள்ளை உங்களிடம் வருவதையே குறைத்துக்கொள்ளும். ஒரு கிழமை, இரண்டு கிழமை போன பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கை இழுப்பது கை நீட்டுவதாக மாறும் இடம் அந்த ஒரு முழம்தான். அவன் விரலைப் பிடித்து மடக்கிச் சுட்டுவிரலாக்கிக் கொடுக்கும் வேலையை நான் விரும்புவதில்லை. கையை மெல்லத் தொட்டு நினைவூட்டலாம். ஆனால் அவனுக்குள் நோக்கம் இல்லாமல் நாம் மடக்கிய விரல் வெறும் விரல்தான்.

முறுக்கை மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலில் வைப்பது, ஊஞ்சலை இழுத்துப் பிடித்துக்கொண்டு "ஒண்டு... ரெண்டு..." என்று நிறுத்துவது, சவர்க்காரக் குமிழி ஊதிவிட்டுக் குச்சியை மூடி வைத்துக் காத்திருப்பது, இவையும் அதே வகை. நீங்களே இன்னும் பத்து கண்டுபிடிப்பீர்கள்.

பகிர்வதற்கு வேறு வழி. அங்கே எதையும் மறைத்து வைக்கத் தேவையில்லை. முதலில் அவன் செய்வதை நீங்கள் செய்யுங்கள். அவன் மூடியை நிலத்தில் தட்டினால் நீங்களும் இன்னொரு மூடியை எடுத்துத் தட்டுங்கள். பெரியவர்கள் தன்னைப் பின்பற்றுகிறார்கள் என்று கண்டதும் பல பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை கிடைத்த பிறகு, அவன் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்ததை அல்ல. மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோவைவிட நல்ல உதவி உங்களுக்குக் கிடைக்காது. சத்தம் முதலில் வரும், ஆட்டோ பிறகு வரும். அந்த இடைவெளியில் காதைத் தொட்டுக் காட்டி, "ஆ!" என்று முகத்தில் வியப்பை வைத்து, பாதையை நோக்கி விரலை நீட்டுங்கள். அக்கரைப்பற்றில் ஒரு உம்மா இதைத்தான் நான்கு மாதம் செய்தார். ஐந்தாவது மாதம் ஒரு நாள் அந்தப் பிள்ளை சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடாமல், திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்ததாம். விரல் இன்னும் வரவில்லை. கண் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது, எனக்கும்தான்.

ஒரு சின்ன விஷயம் குறுக்கே வருகிறது. பூசணிப் பிஞ்சுக்கு விரல் நீட்டினால் அழுகிவிடும், சாமிக்கு விரல் நீட்டக்கூடாது, ஆட்களைச் சுட்டிக் காட்டுவது மரியாதையில்லை என்றுதான் என் அம்மம்மா எங்களை வளர்த்தார். நாங்களும் நாடியாலும் முழுக் கையாலும் காட்டப் பழகிவிட்டோம். இந்தப் பிள்ளை விரலைக் கற்கும்வரை வீட்டில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் விரலாலேயே காட்டட்டும். பூசணியையும்.

வளர்ந்த பிறகும் கொஞ்சம் வேறுபாடு மிஞ்சலாம். நன்றாகக் கதைக்கும் ஓட்டிசப் பிள்ளைகளிடம் கையசைவு மற்றவர்கள் அளவுக்கே இருந்தும், சொல்லோடு அது சரியான நொடியில் சேராமல் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

டாட்டா போய்விட்டதைப் பற்றி. வந்த சைகையும் சொல்லும் 15 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில் மறைவது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நடக்கிறது. நீங்கள் ஃபோன் கொடுத்ததாலோ, நாவூறு பட்டதாலோ, ஊசி போட்டதாலோ அல்ல. ஆனால் இதைப் பிள்ளை நல வைத்தியரிடம் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் நின்றது என்று. கூடவே வலிப்பு, வெறித்த பார்வையோடு சில நொடி உறைந்து நிற்பது, நடையும் கைப்பிடியும் தளர்வது ஏதாவது கண்டால் நாள் பார்க்காமல் உடனே கொண்டுபோங்கள்.

காது சோதனை செய்தாகிவிட்டதா? செய்யாவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அது. ஃபோன் சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்பது காது சரி என்பதற்குச் சான்றாகாது. மருத்துவமாதுவிடம் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொடுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ கல்முனையோ, உங்களுக்குப் போய்வர எது வசதியோ அது. "3 வயது வரை பொறுத்துப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், நான் அதை ஏற்க மாட்டேன். ஓட்டிசம் என்று உறுதியாகப் பெயர் வைத்த பிறகுதான் பழக்க வேண்டும் என்றில்லை. ஓட்டிசம் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் குடத்தடியில் காத்திருந்ததால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டார்கள். உங்கள் ஊர்ப் பாலர் பாடசாலைகளிலேயே உங்களைப் போல இன்னும் சில தாய்மார் இருப்பார்கள்.

வைத்தியரிடம் போக முதல் ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என்ன வேண்டியிருந்தது, கையால் என்ன செய்தான், முகத்தைப் பார்த்தானா. இந்த மூன்றும் போதும். அம்மம்மாவும் எழுதலாம், அல்லது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கிழமை அதே மாதிரி எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு எனக்கும் எழுதுங்கள், குடத்துக்கு முன்னால் அவன் கை இப்போது எங்கே நிற்கிறது என்று.